ரயிலில் கூடிய நூலக நிர்வாகசபை

1. குசினித் தீர்மானம்

ஹம்மிலிருந்து டோர்ட்மண்ட் போகும் ரயிலில் நாங்கள் மூவரும் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் பொருளாளர் க்ரூகர் கேட்டார். அவர் ஜெர்மனில் பேசியதை என்னுடைய தமிழில் தருகிறேன். அவருக்கு இது நன்றாகவே பொருந்தும்.

"தலைவி, அந்தக் கடையை வாடகைக்கு எடுக்கிற தீர்மானம் எங்கை?"

"போன கிழமை குசினியிலை எடுத்தனாங்கள்தானே."

"தேத்தண்ணி குடிச்சது ஞாபகம் இருக்கு. வாக்கெடுத்தது ஞாபகம் இல்லை."

முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் பகுதி நூலகத்தை நடத்தும் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கியிருந்தார்கள். நிர்வாகசபையில் மூன்றே பேர்: நான், க்ரூகர், செயலாளர் சுகந்தி. நூலகம் இருந்த கட்டடம் விற்றுப்போயிற்று. மூடிக்கிடந்த ஒரு பேக்கரியை நான் பார்த்து வைத்திருந்தேன். டோர்ட்மண்டில் இருந்த அதன் உரிமையாளரிடம் அன்று மதியத்துக்குள் ஒப்பமிடாவிட்டால், இடம் நகம் அழகுபடுத்தும் கடைக்குப் போய்விடும். புத்தகங்களுக்குப் போக்கிடம் இருக்காது.

கோயில் திருவிழாக் குழுவில் ஊறிப்போனவள் நான். அங்கே முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஃபோன் அடித்து 'ஓம்' என்று சம்மதம் வாங்குவோம். மறுநாள் "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று கேட்டு, கைதட்டி, றோல்ஸ் சாப்பிடுவோம். தீர்மானம் முடிந்தது. நூலகக் குசினியிலும், அதாவது தேத்தண்ணி போடும் சமையலறையிலும், அதையே செய்தேன். சுகந்தி கைதட்டினாள். க்ரூகர் தட்டவில்லை. கையில் றோல்ஸ் இருக்கிறது, பாவம், எப்படித் தட்டுவார் என்று அவருக்கும் சேர்த்து நானே தட்டிவிட்டேன்.

2. காமென் நிலையம்

"நான் சம்மதிக்கேல்லை," என்றார் க்ரூகர். "கடை முழுக்கக் கண்ணாடி. குளிர்காலத்திலை அதைச் சூடாக்கியே சங்கம் முடிஞ்சிடும். தீர்மானம் இல்லாமல் நீங்கள் கையெழுத்து வைச்சால், பிறகு வாடகை உங்கடை தலையிலைதான் விழும். சங்கம் பொறுப்பில்லை."

என் ஓய்வூதியம் கண்முன்னே கையசைத்து விடைபெற்றது.

"அப்ப இங்கையே கூட்டம் வைப்பம்," என்றேன்.

"ஏலாது. என்ன விசயம் எண்டு எழுதி, முன்கூட்டியே அழைப்பு அனுப்பவேணும்."

சுகந்தி ஃபோனில் சங்க விதிகளைத் தேடி எடுத்தாள். "அக்கா, இதிலை இன்னொண்டும் கிடக்கு. மூண்டு பேரும் ஒரே இடத்திலை இருந்து, மூண்டு பேரும் அழைப்பு வேண்டாம் எண்டு சொன்னால் கூட்டம் செல்லும்."

மூன்று பேரும் என்றால் க்ரூகரும்தான். அவர் எங்களோடு சண்டை பிடிக்கவே தேவையில்லை. அடுத்த நிலையத்தில் பேசாமல் இறங்கிப் போனால் போதும், நகக் கடை வந்துவிடும். ரயில் காமெனில் நின்றது. கதவு திறந்தது. க்ரூகர் எழுந்தார்.

மேலே இருந்த பையை இறக்கி, ஒரு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்கு அழைப்பு வேண்டாம். சுகந்தி, குறிப்பு எழுதுங்கோ. தலைவி, கூட்டத்தைத் தொடக்குங்கோ."

சந்தோஷத்தில் நான் எழுந்து நின்றேன். ரயிலும் அப்போதுதான் புறப்பட்டது. பொருளாளரின் மடியில் விழாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களோடு பேசிப் பழகிய குரலில், "ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்" என்றேன். சுகந்தி உயர்த்தினாள். சைக்கிளோடு நின்றவர் உயர்த்தினார். நாய்க்குட்டி வைத்திருந்த பெண் உயர்த்தினாள். பெட்டியில் பாதிப் பேர் உயர்த்திவிட்டார்கள்.

க்ரூகர் திரும்பிப் பார்த்தார். "நிர்வாகசபை உறுப்பினர்கள் மட்டும்."

கைகள் மளமளவென்று இறங்கின. எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று. எதிர்ப்பை அவரே எழுத்துக்கூட்டிச் சொல்லி, சுகந்தி சரியாக எழுதினாளா என்றும் பார்த்துக்கொண்டார்.

ஒப்பந்தத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்: தலைவியுடையதும் பொருளாளருடையதும். உரிமையாளர் வீட்டில் எனக்குப் பக்கத்திலிருந்து க்ரூகர் தன் பெயரை அழுத்தமாக எழுதினார். திரும்பும்போது கேட்டேன், "காமெனிலை இறங்கியிருக்கலாமே?"

"நான் கடைக்குத்தான் எதிர். நூலகத்துக்கு இல்லை," என்றார்.

3. றோல்ஸும் தட்டும்

நிர்வாகசபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கைதட்டலை நம்பாதீர்கள், வாக்கெடுங்கள். எதிர்க்கிறவரைச் சமாளிப்பது எப்படி என்று யோசிக்காதீர்கள். அவர் எழுந்து போகாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் நூலகத்துக்குக் கூரை கிடைத்ததே அவர் உட்கார்ந்திருந்ததால்தான்.

புதிய இடத்தில் முதல் கூட்டம் நடந்தது. அழைப்பெல்லாம் ஒழுங்காக அனுப்பியிருந்தேன். கண்ணாடிக்குத் தடித்த திரை போடலாமா என்று வாக்குக்கு விட்டேன். க்ரூகர் சாப்பிட்டுக்கொண்டிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தார். விரல்களைத் துடைத்தார். திரையின் நிறம் சரியில்லை என்று எதிர்த்துக் கை உயர்த்தினார்.

நான் கைதட்டினேன்.