பாலக்கரை வாசலில் ஒரு சிவப்பு முக்கோணம்

நிலம் அளக்கும் வேலையில் கருவி வழியாகப் பார்ப்பவருக்குப் படிப்பு வேண்டும், எதிரே அளவுக்கம்பைப் பிடித்து நிற்பவனுக்குப் பொறுமை இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். திருச்சியில் லைட் ரயில் விட முடியுமா என்று பார்ப்பதற்கான சர்வே அது. ஊரில் எல்லோரும் அதை மெட்ரோ என்றுதான் சொல்கிறார்கள். இன்ஜினியர் நித்யா மேடம் கருவியோடு ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பார். ஊர் மொத்தமும் என்னிடம் வந்து நிற்கும்.

விசாரணை என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவர்களே, போனை எடுத்து ஊரார் திட்டை வாங்குகிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். பதில் நம் கையில் இல்லை, திட்டு மட்டும் நம்முடையது. இந்த வேலையில் சிரிக்கிற மாதிரியும் சில விஷயங்கள் நடந்தன. பாலக்கரை ரஹீம் பாயின் வீடு கைவிட்டுப் போனதும் இதே வேலையில்தான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கம்புக்காரர்

முதல் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தினார்கள். கம்பு ஒரு நூல் சாய்ந்தாலும் அளவு தப்பிவிடும் என்பதால் தலையைக்கூடத் திருப்பக் கூடாது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மெட்ரோ எப்போ வரும், டிக்கெட் எவ்வளவு, லால்குடி வரைக்கும் போகுமா என்று இரண்டு பக்கமும் கேள்வி. காதில் விழாத மாதிரி கம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டைப்பையோடு நின்ற ஒரு அம்மாள் மட்டும் விடவில்லை. அந்தப் பக்கம் வந்து, இந்தப் பக்கம் வந்து, கடைசியில் கம்புக்கும் எனக்கும் நடுவில் தலையை நீட்டிக் கேட்டார். சத்தியமாக எனக்குத் தெரியாதும்மா என்றேன். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, என்னைக் காட்டிச் சொன்னார்: "கம்பு பிடிக்கிறவருக்கே தெரியலையாம், அப்ப இது வந்த மாதிரிதான்."

ஸ்ரீரங்கத்தில் வாயைத் திறந்தது

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு டிக்கெட்டைப் பற்றி எல்லாம் கவலை இல்லை. "பெருமாள் எழுந்தருளற வழியில தூண் கீண் நட்டுட மாட்டாளே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நல்ல வெயில், கை மரத்துப் போயிருந்தது. "கவலைப்படாதீங்க மாமா, உங்க வீட்டு வாசல்லயே ஸ்டேஷன் வரப்போகுது" என்று சும்மா சொல்லி வைத்தேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அதே தெருவுக்குப் போனால், ஒரு வீட்டில் 'வாடகைக்கு, மெட்ரோ ஸ்டேஷன் எதிரில்' என்று போர்டு தொங்குகிறது. இன்னொரு வீட்டில், வாசலை இடித்துவிடுவார்கள் என்று ஒரு அம்மாள் அழுதுகொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து மேடத்துக்கு போன் வந்தது. பாவம், சின்னப் பெண், முகம் வெளுத்துவிட்டது. என்னை வேலையை விட்டு அனுப்பாமல் காப்பாற்றியதே அவர்தான். ஆனால் வண்டியில் ஏறும்போது சொன்னார்: "பாண்டியண்ணா, இனிமே யாரு எது கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

ரஹீம் பாயின் வாசல் கல்

அளவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது, நடுவில் அசையாத இடம் ஒன்று வேண்டும். கோயில் அடிச்சுவர், பாலத்தின் கைப்பிடிச்சுவர், நல்ல கருங்கல் படி, இப்படி ஏதாவது. அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு முக்கோணம் போட்டு, நம்பர் எழுதி, உயரத்தைக் குறித்துக்கொள்வோம். அந்தக் குறிக்கு வேறு அர்த்தமே கிடையாது. பாலக்கரையில் அப்படிக் கிடைத்தது ரஹீம் பாய் வீட்டு வாசல் கல். ரயில் அந்தத் தெரு வழியாகப் போவதாகவும் இல்லை. மெயின் ரோட்டுக்கு அளவைக் கொண்டுபோக எங்களுக்கு அது குறுக்குவழி, அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷம் சவுதியில் லாரி ஓட்டிக் கட்டிய வீடு அது. பள்ளிவாசல் நாலு வீடு தள்ளி. வாசலுக்கு மட்டும் புதுக்கோட்டைப் பக்கமிருந்து கல் இறக்கியதாகச் சொல்லி, எங்கள் எல்லோருக்கும் டீ கொடுத்தார். பெயிண்டைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. இது எதுக்கு தம்பி என்று கேட்டார். இது வெறும் உயரக்குறி, உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது பாய் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் பட்டது நினைவில் இருந்தது. "எனக்குத் தெரியாதுங்க பாய், ஆபீஸ்லதான் கேக்கணும்" என்றேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு எந்த வாசலிலும் சிவப்பு இல்லை. "தெரியாமலா தம்பி எங்க வீட்டுல மட்டும் குறி போட்டீங்க?"

மண் எடுத்த இடத்தில்

பொன்மலைப் பக்கம் பூமியில் துளை போட்டு மண் எடுத்தார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர், டியூட்டிக்கு வருகிற மாதிரி தினமும் காலையில் சைக்கிளில் வந்துவிடுவார். பெட்டியில் வரிசையாக வைத்த மண்ணையும் பாறைத் துண்டையும் குனிந்து பார்ப்பார். ஒருநாள், எந்த வருஷம் ஓடும் என்று கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் ரயில் செஞ்சு அனுப்பினோம்ப்பா, நம்ம ஊர் ரயில்ல நான் ஏறுவேனான்னுதான் கேட்டேன்."

பாய் தேடி வந்தது

அதே இடத்துக்கு ஒரு மத்தியானம் ரஹீம் பாய் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் வந்தார். கையில் வீட்டுப் பத்திரம் வைத்த பிளாஸ்டிக் பை. ஆபீசுக்கு இரண்டு முறை போனாராம், சொல்லக்கூடிய ஆள் ஊரில் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். குறி விழுந்த வீடு என்று தெருவே பேச, புரோக்கர் தினமும் வந்து உட்காருகிறாராம். ரயிலுக்கு எடுத்துவிட்டால் அப்புறம் சீந்துவதற்கு ஆள் இருக்காது, இப்போதே வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்கிறாராம். வீட்டம்மா வேண்டாம் என்கிறார். இவருக்குத் தூக்கமே இல்லை.

அந்த வாரம்தான் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று பேச்சு. மேலதிகாரி ஒருவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பாய் என் முகத்தையே பார்த்தார். நான் துளை போடும் இயந்திரத்தைப் பார்த்தேன். தெரியாதுங்க பாய் என்றேன். வேலை நீட்டிப்பு கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பாய் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "உங்க முகமே சொல்லிடுச்சு தம்பி, நீங்க நல்லவரு, வாயால சொல்லச் சங்கடப்படுறீங்க."

புதுப் பெயர்ப்பலகை

சில மாதம் கழித்து அளவைச் சரிபார்க்க பாலக்கரைக்குத் திரும்பிப் போனோம். கல் இருந்தது, முக்கோணம்கூட அழியவில்லை. சுவரில் பெயர்ப்பலகை மாறியிருந்தது. உள்ளேயிருந்து வந்த அம்மாள் எங்களைப் பார்த்துக் கொஞ்சமும் பதறவில்லை. முன்னால் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். திருவெறும்பூரையும் தாண்டி எங்கோ வாடகைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "நாங்க தெரிஞ்சவங்களை விட்டு விசாரிச்சுட்டோம், அது வெறும் உயரக்குறியாம், இது தெரியாம பயந்து வித்துட்டாங்க பாவம்."

சொல்லப் போனது

பாலக்கரை பள்ளிவாசலில் விலாசம் விசாரித்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே தேடிப் போனேன். இந்த முறை சொல்லிவிடுவது, காலில் விழ வேண்டுமானாலும் விழுவது என்று முடிவு செய்திருந்தேன். சின்ன வீடு, சுற்றிலும் பொட்டல். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பக்கத்தில் பள்ளிவாசல் இல்லாததால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். அவர் மனைவி நூர்ஜஹான் கதவோரம் நின்றபடி என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுவார், திட்டுவார், துடைப்பத்தை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தலையை வெளியே நீட்டித் தெருவைத்தான் பார்த்தார்.

தெருமுனையில் பாயின் தலை தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். அந்த அம்மா அவசரமாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி, எப்படியும் ரயிலுக்குப் போயிருக்கும் வீடுதானேன்னு நெனச்சுத்தான் மனுஷன் இப்பக் கொஞ்சம் தூங்குறாரு."

ஒரு தண்டவாளம்கூடப் போடாத ரயில், பாலக்கரையிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்ப் பொட்டலில் இறக்கிவிட்டது, அதற்குக் கொடியசைத்தவன் நான்தான்.