பல்பு சூட்டுல முறுக்கிக்கிட்ட றெக்கை

பண்டாரவளையில நான் திரிவீலருக்கு பெயின்ட் அடிக்கிறவன். பள்ளிக்கூடத்த வெளியில இருந்துதான் பாத்திருக்கேன்.

ஒருநாள் துணிக்கடை வச்சிருக்க முஸ்லிம் நானா, தானே செஞ்ச, எஞ்சின் வச்சு பறக்க விடுற குட்டி பிளேனோட றெக்கையக் கொண்டு வந்தாரு. மேல பளபளன்னு பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டியிருந்துச்சு. அதுல அவரு மக பெயின்ட்ல வரைஞ்ச மயிலு.

"எஞ்சின் எண்ணெ பட்டா மயிலு அழிஞ்சிரும். கிளியர் பூச்சு அடிச்சுக் குடுங்கண்ணே. ஞாயித்துக்கெழம பறக்க விடுறத மக பாக்க வாரா."

அன்னிக்கு ஒரே பனி. ஈரத்துல அடிச்சா பூச்சு வெள்ளையா பூத்துரும். அதனால இங்க எதையும் முதல்ல பெரிய பல்புகிட்ட வச்சு சூடாக்குவோம். றெக்கையையும் வச்சேன். டீ குடிச்சிட்டு வந்து பாத்தா, பொரிச்ச பப்படம் மாதிரி முறுக்கிக்கிட்டு கெடக்கு!

நானா வந்து பாத்தாரு. கத்துவாருன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

"இது சூட்டுக்குச் சுருங்குற பேப்பருண்ணே. அதே சூட்டுல நிமித்தலாம், புடிங்க"ன்னாரு.

நான் எதிர்ப்பக்கம் முறுக்கிப் புடிக்க, அவரு பல்ப மெதுவா காட்டினாரு. நேராயிருச்சு! கெடுத்த சூடே சரியாக்குமான்னு வாயப் பொளந்துட்டேன். வெயில் வந்ததும் பூச்ச லேசு லேசா அடிச்சேன்.

ஞாயித்துக்கெழம தேயிலைத் தோட்டத்து கிரவுண்டுல மயிலு பறந்துச்சு. அந்தப் புள்ள கைதட்டுது, நான் றெக்கை திரும்ப முறுக்கிக்குமோன்னு வேர்த்துப்போய் நிக்கிறேன்.

இப்பல்லாம் எது கோணினாலும் தூக்கிப் போடறதில்ல, இன்னொரு தரம் சூடு காட்டிப் பாக்குறேன். பொஞ்சாதி மொகம் கோணினா மட்டும் கிட்ட போறதில்ல.