ஐஸ் படாத மீன்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் ஐஸ்பெட்டி என்று பெயர். பிரிட்ஜ் ரிப்பேர் செய்வது அவர் தொழில். நல்ல தொழில்காரர்தான், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தெருவில் நடந்துபோகிற போக்கில் ஒரு வீட்டு ஜன்னல் பக்கம் காதைத் திருப்பி, "இந்த வீட்டு கம்ப்ரஸர் இந்த வாரம் படுத்துடும்" என்பார். சொன்னபடி படுத்துவிடும். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பால் திரியாமல் இருப்பது அவர் கைராசியால்தான். ஆனால் அவர் வீட்டு பிரிட்ஜுக்குள் மட்டும் மீன் போகக்கூடாது. ஐஸ் பட்ட மீன் பிணம் என்பது அவர் கொள்கை. அந்தப் பெட்டிகளை ஓடவைத்துத்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது என்று யாராவது ஞாபகப்படுத்தினால், "அது தொழில், இது நாக்கு" என்று ஒரே போடாகப் போடுவார்.

உலகத்தில் தன் ஒருவருக்குத்தான் மீன் சாப்பிடத் தெரியும் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். "மூணு நாள் மீனு" என்பார். வீட்டுக்காரி முகம் சுண்டிப்போகும். அதற்குள் இவர் இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டியிருப்பார்.

மழைக்காலம் முடிந்ததும் அவருடைய ரிப்பேர் வேனில் கடற்கரைக்குப் போவது எங்கள் தலையெழுத்து. முன் சீட்டில் அவர், அக்கா, நான். அவர்கள் மகள் கெட்டிக்காரி. அன்றைக்கென்று பார்த்து அவளுக்குத் தலைவலி வந்துவிடும். வேனின் பின்பக்கம் கேஸ் சிலிண்டர்களோடு ஓர் அடுப்பும் சட்டியும் வரும். படகில் இருந்து இறங்கிய மீனை அவர் பேரம் பேசி வாங்கி அக்கா கையில் கொடுப்பார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. அக்கா மணலில் குந்தி அதைக் கழுவி, வேன் கதவை மறைப்பாக வைத்து, காற்றோடு மல்லுக்கட்டிச் சமைப்பாள். அவர் சாப்பிட்டு, நான் சாப்பிட்டு, கடைசியில் சட்டியில் மிஞ்சினதை மணலோடு சேர்த்து அவள் வழித்துத் தின்பாள். "கடலோரச் சாப்பாடுன்னா இதுதாம்மா" என்று அவர் என்னிடம் ஏப்பம் விடுவார். நானும் தின்றவள்தான், ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்தில். பகலெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவாள், ராத்திரி வீட்டில் பரிமாறுவாள். அவள் சோற்றில் ஆவி பறந்து நான் பார்த்ததில்லை. அதனால் இந்த வருஷம் கிளம்புகிற அன்று காலையில் வாசலில் நின்றுகொண்டு அவள் பேசியதைக் கேட்டு நானே அசந்துபோனேன்.

"அடுப்பு வராதுங்க. இன்னிக்கி நான் ஒரு கடையில நாற்காலி போட்டு உக்காருவேன். யாரோ சமைக்கணும், யாரோ கொண்டாந்து வைக்கணும். சூடா சாப்பிடணும். அப்படின்னா வர்றேன், இல்லன்னா நீங்க போய்ட்டு வாங்க."

"இவ்வளவுதானா? ராணி மாதிரி உக்கார வைக்கிறேன் பாரு" என்றார். சொன்ன கையோடு காலைச் சாப்பாட்டுக்கும் தடை போட்டார். வயிறு காலியாக இருந்தால்தான் ருசி தெரியுமாம்.

கடலை ஒட்டிய தெருவில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. வறுக்கிற வாசனை மூக்கைத் துளைத்தது. எங்கள் ஆள் விலைப் பலகையையும் பார்க்கவில்லை, தட்டில் அடுக்கியிருந்த மீனையும் பார்க்கவில்லை. நேராகக் கடையின் பின்சுவரோரம் போய்க் காதைக் கொடுத்தார்.

"உள்ள பெட்டி ஓடுது. வேணாம்."

அடுத்த கடையிலும் அதே கதை. "ரெண்டு பெட்டி. ஒண்ணுல கேஸ் கம்மி" என்று இலவசமாக வைத்தியமும் சொன்னார். கடைக்காரர் ஒருவர் இவரைத் திருடன் என்று நினைத்து, "யாருய்யா அது, சுவத்தோட என்ன பேச்சு?" என்று கரண்டியோடு ஓடிவந்தார். எனக்குப் பசியில் காது அடைத்தது. இவருக்கோ பசியில் காது இன்னும் கூர்மையாகிக்கொண்டே போனது.

அக்கா ஒரு படகின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, பெட்டி இல்லாம எந்தக் கடைங்க நடக்கும்?"

"நடக்கும். காது இருக்கிறவனுக்குத்தான் கிடைக்கும்."

வெயில் தலைக்கு மேல் வந்து, முதலில் பார்த்த கடைகள் சட்டியைக் கழுவ ஆரம்பித்தபோது, தெருவின் கடைசிக் கடைப் பின்சுவரில் காதை வைத்தவர் அப்படியே நின்றார். கையை உயர்த்தி எங்களையும் மூச்சு விடாமல் நிற்கச் சொன்னார்.

"ஒரு சத்தம் இல்ல. பாத்தியா? அன்னன்னிக்கி வாங்கி அன்னன்னிக்கே தீக்கிறாங்க. இதுதான் கடை!"

உள்ளே போனோம். ஈ காக்கை இல்லை. அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார்: "ருசி தெரிஞ்ச கூட்டம் எப்பவுமே கம்மிதான்." அக்கா கடலைப் பார்த்த நாற்காலியாகத் தேர்ந்தெடுத்தாள். கையைக் கழுவிவந்து, ஈரத்தோடு மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள்.

கடைக்காரம்மா வந்தார். "மீன் இல்லீங்களே. நேத்தே பெட்டி நின்னுபோச்சு. மீன வாங்கி எங்க வைக்கிறது? சமையல்காரரும் லீவு போட்டுட்டாரு. மெக்கானிக் வருவாருன்னு கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன், அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. ஓடாத பெட்டியைத் தேடி ஊரெல்லாம் அலைந்து கண்டுபிடித்த பிரிட்ஜ் மெக்கானிக்கை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? ஆனால் அவர் அசடு வழிந்ததெல்லாம் கொஞ்ச நேரம்தான். எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

"மெக்கானிக் வந்தாச்சும்மா. நான்தான்."

அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேனிலிருந்து பையை எடுத்துவந்து பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு, அங்கிருந்தே உத்தரவு போட ஆரம்பித்தார்.

"நீங்க போய் படகுலேர்ந்து நேரா நாலு மீன் வாங்கிட்டு வாங்கம்மா. சமையல்காரர் இல்லைன்னா என்ன? என் வீட்டுக்காரி இருக்கா. அவ கைப்பக்குவத்தப் பாத்தா உங்க ஆளு வேலையே வேணாம்னு ஓடிருவாரு. இந்தா, அந்த அடுப்பக் கொஞ்சம் பாரேன்! இப்ப வச்சா இப்ப ஆயிடும்."

கடைக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். உள்ளே போய் மீன் அரிகிற கத்தியைக் கொண்டுவந்து அக்கா கையிலேயே கொடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டாள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போகப் போகிறாள், நான் பின்னாலேயே போய் வெங்காயம் உரிக்கப் போகிறேன், எப்போதும் போல எல்லாம் முடியப் போகிறது என்றே நினைத்தேன்.

அக்கா கத்தியை மேசையில் வைத்தாள். "எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க" என்றாள் அந்தம்மாவிடம். கூசாமல் சொன்னாள். பெட்டிக்குப் பின்னால் ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனோம்.

அந்தக் கடையின் பெட்டி கடகடவென்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பரிமாறுகிறவரிடம் அக்கா கேட்டாள், "ஐஸ்ல வச்ச மீனா?"

"ஆமாக்கா. நேத்து வந்தது."

"கொண்டாங்க."

சோற்றில் ஆவி பறந்தது. குழம்பை அவரே ஊற்றினார், வறுத்த துண்டை அவரே வைத்தார். அக்கா அவசரப்பட்டு வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இன்னொரு துண்டு கேட்டாள். கேட்டதும் வந்தது. கேட்டால் வரும் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. மீன் கொஞ்சம் சவசவ என்றுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

மாமா வந்து சேர்ந்தபோது கையெல்லாம் கறுப்பு எண்ணெய். பெட்டி ஓடிவிட்டதாம். ஆனால் கரையில் மீன் தீர்ந்துபோய்க் கடைக்காரம்மா வெறுங்கையோடு திரும்பிவிட்டாராம்.

"போயும் போயும் ஐஸ் மீனா?" என்றார்.

"சூடா இருக்குங்க. உக்காருங்க."

பசி அவரை உட்காரவைத்தது. ஆனாலும் ஜம்பம் போகவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "முள்ளு நிறைய இருக்கிற மீனாப் பாத்து வைங்க. ருசி அதுலதான். துண்டு மீனெல்லாம் மீன் தெரியாதவன் திங்கிறது" என்று எங்கள் தட்டுகளைப் பார்த்தபடியே சொன்னார்.

தட்டு வந்தது. அவர் தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் நடப்பதுதான் இது. அக்கா முள்ளை ஆய்ந்து, சதையைப் பிசிர் இல்லாமல் உதிர்த்துச் சோற்றின்மேல் வைப்பாள், அவர் தின்பார். நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட யோசித்ததில்லை. உலகத்து மீனுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுகிற அந்த மனிதர் இதுவரை ஒரு முள்ளைக் கையால் தொட்டதில்லை.

"என் கை வேலையா இருக்குங்க" என்றாள் அக்கா. விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அவர் நுனிவிரலால் மீனைக் குத்திப் பார்த்தார். ஒரு முள்ளை இழுத்தார், அது பாதியில் ஒடிந்தது. கொஞ்சத்தைப் பிய்த்து வாயில் போட்டார், மென்றார், கண் பிதுங்க இருமினார், வெறும் சோற்றை உருட்டி விழுங்கினார். அதற்குமேல் மீனைத் தொடவில்லை. குழம்பை மட்டும் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"வேணாமா?" என்றாள் அக்கா. அவர் தலையாட்டுவதற்குள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்தாள். சின்ன முட்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி, சதையை அழகாகத் திரட்டினாள். மாமாவுக்கு முகம் மலர்ந்தது. கையை நீட்டினார். அக்கா அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.