வீட்டில் வைக்காத பாதி

சுமத்ராவை ஒட்டிய கடல் குளிர்ந்துவிட்டது என்று அக்காவிடம் நான்தான் சொன்னேன். கைபேசியில் படத்தை விரித்துக் காட்டினேன். குளிர்ந்த கடல் நீலம், சூடான கடல் சிவப்பு. அந்தப் பக்கம் முழுக்க நீலம். நம் பக்கம் சிவப்பு. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கடலு நீலமாத்தானலே இருக்கும். இதப் பாக்கவா மாசாமாசம் போனுக்குக் காசு கட்டுற?"

ஆவணி கடைசி. திருச்சுழியிலிருந்து பஸ் இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் வரும் அவளுடைய நாலு ஏக்கர் கரிசலின் வரப்பில் நின்றிருந்தோம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கையை விட்டால் முழங்கை வரை போகும் வெடிப்புகள். மூன்று பக்கமும் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கருநீலத் தகடுகள், வானத்தைப் பார்த்துச் சாய்ந்தபடி, வரிசை வரிசையாய். பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் ஒவ்வொருவராக நிலத்தைச் சோலாருக்குக் குத்தகை விட்டுவிட்டார்கள். வானம் பார்த்த பூமி என்று எங்கள் பக்கத்து நிலத்தைச் சொல்வார்கள். தகடுகளும் வானம்தான் பார்க்கின்றன. அவை கேட்பது மட்டும் வேறு. நாம் மேகத்தைக் கேட்டோம், அவை மேகம் இல்லாமல் இருக்கக் கேட்கின்றன. அந்த வேண்டுதல் எங்கள் ஊரில் தவறாமல் பலிக்கிறது.

மச்சான் தவறிப்போன பிறகு அக்கா தனியாகத்தான் அந்தப் புஞ்சைக் காட்டைப் பார்த்தாள். திருப்பூரில் இருக்கும் இரண்டு பையன்களும் வைகாசியில் வந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்த ஒரு வெள்ளாமை பார்ப்பது. விளைச்சல் வீடு வந்து சேர்ந்தால் காடு அம்மாவிடமே இருக்கும். சேராவிட்டால் சோலாருக்குக் கையெழுத்து. அக்காவும் சரி என்று தலையை ஆட்டியிருந்தாள். ஆக, அந்த வருஷக் குதிரைவாலி அவளுக்கு வெறும் தானியம் இல்லை.

நான் மலேசியாவில் ஒரு துறைமுக ஊரில் பதினொரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். படித்தது பத்தாவது. ஆனால் எதையாவது தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாத அரிப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. பழைய பத்திரிகை, பொட்டலத் தாள், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதம், எதுவானாலும் வாசிப்பேன். அந்த ஊர் மழைதான் என்னை முதலில் கலங்கடித்தது. சாயங்காலம் நாலு மணிக்கு, ஷிப்டு மாறுவதுபோல, வரும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. குடையை விரித்து, முகத்தைச் சுளித்து, போய்க்கொண்டே இருப்பார்கள். நான் மட்டும் கிடங்கின் வாசலில் நின்று அதன் சத்தத்தைக் கேட்பேன். இவ்வளவையும் இங்கே கொட்டிவிட்டு எங்கள் ஊருக்கு எதைக் கொண்டுபோவாய் என்று கேட்கத் தோன்றும்.

ஒரு வருஷம் அந்த மழை நின்றது. கடலுக்கு அப்பால் சுமத்ராவில் காட்டை எரித்த புகை வந்து ஊரை மூடிவிட்டது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தோம். சூரியன் பழுத்த தக்காளி மாதிரி தொங்கியது. அந்த ஐப்பசியில் அக்கா போனில் கத்தினாள்: "ஏலே, கம்மா நெறைஞ்சு மறுகால் போகுதுடா! வீட்டுக்குள்ள வரைக்கும் தவளை!" இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடல் குளிர்ந்தால் அங்கே மழை குறையும், இங்கே கூடும். ஒரே போர்வை, அவர்கள் இழுத்தால் நமக்குக் கால் தெரியும், நாம் இழுத்தால் அவர்களுக்கு. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது. நான் தனித்தனியாகச் சாப்பிட்ட இரண்டு ஊர்ச் சோறும் ஒரே இலையில் பரிமாறப்பட்டவை என்று தெரிந்த சந்தோஷம்.

அந்த ஆவணியிலும் அங்கிருந்த நண்பன் படம் அனுப்பியிருந்தான். புகை. தக்காளிச் சூரியன்.

எங்கள் பக்கம் மழைக்கு முந்தியே விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு உழுது மூடிவிட்டால், மழை வந்த அன்றைக்கே முளை கிளம்பும், ஈரம் வீணாகாது. அக்காவுக்கு இதில் தனி வழக்கம் ஒன்று இருந்தது. வேப்பிலை போட்டு மூடிய இரண்டு டிரம்மில் குதிரைவாலி விதை வைத்திருப்பாள். ஒன்றைப் பாதிக் காட்டில் புழுதியில் போடுவாள். மற்றது கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கும். மண் நன்றாக நனைந்து, செருப்பில் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகுதான் அதைத் தொடுவாள். "பாதி மண்ணுல, பாதி வீட்டுல" என்பாள். அதற்கு மேல் விளக்கம் சொல்லமாட்டாள்.

பொருளாதாரம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கிடங்கில் தெரிந்ததுதான். நிற்கும் சரக்கு நஷ்டம். ஒரு பெட்டி ஒரு நாள் கூடுதலாகத் தட்டில் இருந்தால் மேலாளர் என்னை முறைப்பார். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரம்மை நான் அந்த மேலாளரின் கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, பாதிக் காட்ட ஏன் சும்மா போடுற? இந்த வருஷம் ரெண்டு டிரம்மையும் போட்டுரு. முதல் மழையிலயே முழுசும் கிளம்பிரும். பயக வாயடைச்சுப் போவாய்ங்க."

"பெய்யலேன்னா?"

"பெய்யும். கடலே சொல்லுது."

வேலிக்கு அந்தப் பக்கம், சோலாருக்கு விட்ட தன் நிலத்தையே காவல் காக்கும் வேலையில் இருந்த சித்தப்பா முறைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, ஒந் தம்பி கடலுக்கே போன் போட்டுட்டானாக்கும்? அப்படியே எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. மழைக்கு முந்தி கோழிக்கூட்டுக்கு ஓலை மாத்தணும்."

"நீங்க பேசாம இருங்க சின்னையா. அவன் பதினோரு வருசம் நாடு பாத்தவன்" என்றாள் அக்கா.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை நினைத்துவிட்டேன். அவள் அறிவியலை நம்பவில்லை, என்னை நம்பினாள்.

இரண்டு டிரம்மையும் விதைத்தோம். டிராக்டர் உழுது போன பின்னால் புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. வெடிப்புகளுக்குள்ளும் விதை விழுந்து மறைந்தது.

புரட்டாசி இரண்டாம் வாரம் ஒரு மழை பெய்தது. ஒரே ஒரு மத்தியானம். நாலு நாளில் காடு முழுக்க ஊசி ஊசியாய்ப் பச்சை. அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வெற்றிலையை மெல்ல மறந்து கையிலேயே வைத்திருந்தாள். "சரிதாண்டா, ஒங் கடலு நல்ல கடலுதான்" என்றாள். நான் அன்று மாதிரி என்றைக்கும் நிமிர்ந்து நடந்ததில்லை.

பிறகு பெய்யவில்லை.

தினமும் காலையில், "ஒங் கடலு என்னலே சொல்லுது?" என்று கேட்பாள். நீலமாகவே இருந்தது. படத்தில் எந்தத் தப்பும் இல்லை. கடற்கரைப் பக்கம் கொட்டியது. மல்லாங்கிணறு பக்கம் நல்ல மழையாம் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மாநிலத்துக்குக் கணக்குப் பார்த்தால் அந்த வருஷ மழை குறைவே இல்லை. சராசரி மழை யாருடைய காட்டிலும் பெய்வதில்லை என்று, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முளைகள் நுனியிலிருந்து பழுப்பதைப் பார்த்தபோது புரிந்தது. இருபது நாளில் காடு மறுபடி வெறும் கரிசலானது. அதற்குள் இருந்த பச்சை எங்கே போனது என்றே சொல்ல முடியவில்லை.

அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கார்த்திகையில் மழை வந்தது. நல்ல மழை, மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. காடு நனைந்து கறுத்து, விதைக்குக் காத்துக் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இரண்டு காலி டிரம்கள். அருப்புக்கோட்டையில் விதைக்கடை கடையாக ஏறி இறங்கினேன். "குதிரைவாலியா? இப்பவா? அதெல்லாம் போன வாரமே தீந்துபோச்சு அண்ணாச்சி, மக்காச்சோளம் வேணும்னா தாரேன்." அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றால், அக்கம்பக்கம் முழுக்கத் தகடு.

அந்தத் துறைமுக ஊரில் பத்திக் என்ற மெழுகுச் சாயத் துணி விற்கும் கடை ஒன்று இருந்தது. லீவு நாளில் அதன் வாசலில் நிற்பேன். ஒரு பெண் உருகிய மெழுகைச் சின்னக் குழாயால் தொட்டுத் துணியில் பூ வரைவாள். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவாள். மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஏறாது. அந்த வெள்ளைதான் பூ. சாயம் படாமல் காப்பாற்றி வைத்த இடம்தான் அந்தக் கலை முழுவதும். இதை நான் அப்போதே நோட்டில் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். எழுதியவனுக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரம் தெரியவில்லை.

தை மாதம் திருச்சுழியில் பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து வைத்து எழுதினாள். பையன்கள் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? பெரியவன், "மாமா, குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பூங்கா வந்துட்டா நாங்களும் இந்தப் பக்கமே வந்துருவோம்" என்றான். வந்தால் எதைப் பார்க்க வருவான் என்று நினைத்துக்கொண்டேன். வீடு திரும்பும்போது அக்கா ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக் கொடுத்தாள்.

நாலு ஏக்கரிலும் தூண் நட்டார்கள். தகடு ஏறியது. அக்கா அங்கேயே கூலிக்குப் போகிறாள். தகடு துடைக்க, புல் பிடுங்க. புல் வளர்ந்து தகட்டின் மேல் நிழல் விழுந்தால் கரண்டு குறையுமாம். தொப்பியும் கையுறையும் கொடுத்திருக்கிறார்கள்.

போன கார்த்திகையில் மழை தாராளம். மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், தொட்டியடியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நம்ம குதிரைவாலி மொளச்சிருந்துச்சுலே."

"எங்கக்கா?"

"சோலாருக்கு அடியில. தகட்டுத் தண்ணி சொட்டுற எடமெல்லாம் கோடு போட்ட மாதிரி. வெடிப்புக்குள்ள விழுந்தது தங்கியிருக்கும்போல. கருது வாங்கி மணி பிடிச்சிருந்துச்சு."

"என்ன பண்ணுன?"

"சூப்பர்வைசர் தம்பி புல்லுன்னு சொன்னாரு. வடக்கத்திப் பையன், அதுக்கு என்ன தெரியும். புடுங்கிட்டேன்."

"கொஞ்சமாவது விட்டிருக்கக் கூடாதா? ஒரு கைப்பிடியாவது மடியில கொண்டு வந்திருக்கக் கூடாதா?"

அக்கா சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. காலையில் கடலைப் பற்றிக் கேட்பாளே, அதே மாதிரி, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள்.

"கொண்டாந்து எங்கலே போட?"