பாசிர் ரிஸ்ஸில் ஓதப்பட்ட கடிதம்

1953ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வந்து இறங்கிய முதல் வாரத்தில் தேக்கா சந்தையில் கருவாடு வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளைப் பார்த்ததும் பதறிவிட்டேன். தாள் முழுக்க அரபு எழுத்து. எங்கள் காயல்பட்டினத்தில் அரபு எழுத்துள்ள துண்டுக் காகிதம் தெருவில் கிடந்தால்கூட எடுத்து முத்தமிட்டுச் சுவர்ப் பொந்தில் செருகுவோம். நடுச்சந்தையில் நின்றபடி கருவாட்டைக் கைக்குட்டைக்கு மாற்றிவிட்டுத் தாளைத் துடைத்து வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. பக்கத்தில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "அது மலாய் நியூஸ் பேப்பர்லா, மாமா. மலாயையும் இந்த எழுத்துலதான் எழுதுறான். நேத்து நடந்த பந்து விளையாட்டு போட்டிருக்கான். போய் மீனச் சுத்துங்க."

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். புரியாத மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி ஆமினாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவள் தெருப் பெண்களில் அநேகருக்கும் தெரியாது. சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றபோது படித்த அரபு எழுத்தில்தான் தமிழை எழுதுவார்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், எனக்கு எழுதும் உறைக்குள் அவளுடைய தாள் தனியாக மடித்து, நூல் சுற்றி இருக்கும். அவற்றில் தேதி இருக்காது. "மழை விட்ட மறுநாள்" என்று இருக்கும். அஞ்சல் முத்திரையைப் பார்த்து, கப்பல் வந்த நாளைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் நானே தேதி போட்டு வைப்பேன்.

1960இல் அவள் இறந்தாள். காய்ச்சல். தந்தி முதலில் வந்தது. தந்திக்குப் பத்து நாள் கழித்து, அவள் உயிரோடு இருந்தபோது கப்பலேறிய உறை வந்தது. உள்ளே நூல் சுற்றிய தாள். அதை அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவிழ்க்காதவரை அவள் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று பட்டது. அடக்கம் செய்த பெண் இன்னும் பேசி முடிக்கவில்லை. பழைய கடிதங்கள் ஆறோடு அதையும் ஏழாவதாகத் தகரப் பெட்டியில் வைத்தேன்.

அந்த மாதங்களில் வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஸ்பெயின் தேசத்து வரலாறு ஒன்று கிடைத்தது. 1492இல் கிரனாடா வீழ்ந்தது எனக்கு முன்பே தெரியும். அதன் பிறகு அங்கேயே தங்கி, ஞானஸ்நானம் பெறக் கட்டாயப்படுத்தப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி அப்போதுதான் அறிந்தேன். மொரிஸ்கோக்கள் என்று அவர்களுக்குப் பெயர். வடக்கே அரகோன் பகுதியில் இருந்தவர்களுக்குத் தலைமுறை மாறி மாறி அரபு மொழியே மறந்துவிட்டது. பேசியது அண்டை வீட்டுக் கிறிஸ்தவர்கள் பேசிய அதே ஸ்பானிஷ். ஆனால் அதை எழுதியது அரபு எழுத்தில். துஆ என்னும் பிரார்த்தனையும் எழுதினார்கள், கதையும் எழுதினார்கள், வயிற்றுவலி மருந்தும் எழுதினார்கள். சமய விசாரணை மன்றத்தாருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. சட்டை மடிப்பில் ஒரு தாள் அகப்பட்டாலே போதும், ஆளைக் கொண்டுபோவார்கள். அது மருந்துக் குறிப்பு என்றால் யார் நம்புவது? 1609இல் தொடங்கி அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். சென்ற நூற்றாண்டில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, தரைக்குக் கீழே இன்னொரு தரையும் இடையில் அவர்கள் ஒளித்த புத்தகங்களும் இருந்தனவாம்.

அந்த நூலில் ஒரு பக்கத்தின் நிழற்படம் இருந்தது. எங்கள் அரபுத்தமிழைப் போலவே உயிர்க்குறி ஒன்றுகூட விடாமல் இட்டிருந்தது. அரபியில் 'படம்' என்பதில் வரும் 'ப' ஒலி கிடையாது. அதற்கு நாங்கள் ஓர் எழுத்தில் புள்ளி கூட்டினோம். அவர்கள் ஓர் எழுத்தை இரட்டித்து அழுத்தினார்கள். டன்லப் தெருவில் எங்கள் மாடியறையில் உட்கார்ந்து உரக்க வாசித்துப் பார்த்தேன். தடையில்லாமல் வந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பயந்து பயந்து எழுதிய ஒருவன், அர்த்தம் தெரியாத என் வாயைக் கடன் வாங்கிப் பேசினான். அவன் சொன்னது பிரார்த்தனையா, வசவா, எனக்குத் தெரியாது.

அறைத் தோழர் மீரான் காக்கா படியேறி வந்தார். நாகூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அண்ணனை நாங்கள் காக்கா என்போம்.

"என்ன தம்பி ஓதுற? புது துஆவா?"

"இது ஸ்பெயின் பாஷை காக்கா."

"ஸ்பெயின்காரன் எந்தக் காலத்துல ஓதினான்?"

"ஓதினான். அதுக்குத்தான் துரத்துனாங்க."

"நீயும் துரத்துற மாதிரிதான் ஓதுற. மெதுவா ஓது, கீழ கடையில பயந்துடப் போறாங்க."

1961 பிப்ரவரி. நோன்புக்கு மூன்று நாள் இருந்தது. வேலையிலிருந்து திரும்பினால் அறை கழுவி விட்டிருந்தது. என் தகரப் பெட்டி வெயிலில் கவிழ்ந்து கிடந்தது.

"பெட்டியில கரையான் தம்பி," என்றார் மீரான் காக்கா. "உன் துணியெல்லாம் உதறி வெச்சுட்டேன்."

"தாள் இருந்துச்சே?"

"அரபுத் தாளா? அரிச்சுப்போன ஏடு. காலடியில விட முடியுமா? பாக் ஹமித் சாக்குல சேர்த்துட்டேன்லா."

"அது ஆமினா கடுதாசி காக்கா."

அவர் கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்தினார். "ஒரு வரி பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே! ஒளு செஞ்சு கழுவாத கைப்பா. துணியப் போட்டு, கண்ண அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் எடுத்தேன்."

அவரை எப்படிக் கோபிப்பது? ஸ்பெயினில் எழுத்தைப் பார்த்ததும் வாசிக்காமல் நெருப்பில் போட்டார்கள். இங்கே எழுத்தைப் பார்த்ததும் வாசிக்காமல் கண்ணியம் செய்துவிட்டார்.

பாக் ஹமித் எங்கள் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கும் மலாய்ப் பெரியவர். வீடு பாசிர் ரிஸ் கடற்கரையில், கம்பம் என்னும் மலாய்க் கிராமத்தில். நைந்த குர்ஆன் ஏடுகளைச் சாக்கில் கட்டி, கல் வைத்து, படகில் கொண்டுபோய்க் கடலில் இறக்குவார். மறுநாள் விடுப்பு எடுத்து இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. கடல் வற்றிச் சேறு தெரிந்தது. காற்று இல்லை. காலை நீரேற்றத்திலேயே சாக்கை இறக்கிவிட்டதாகக் கையால் காட்டினார். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். நூல் சுற்றியிருந்ததால் யாருடைய தாயத்தோ என்று தனியே எடுத்து வைத்திருக்கிறார். நூலை அவரே அவிழ்த்திருந்தார்.

நான் கை நீட்டுவதற்குள் வாசிக்கத் தொடங்கினார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஓதத் தெரியும். ராகம் போட்டு, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி ஓதினார். அந்த முதிய மலாய்க் குரலுக்குள்ளிருந்து ஆமினா பேசினாள்.

"காச்சல் விட்டிருச்சு. நேத்து கஞ்சி குடிச்சேன். நீங்க ஒவ்வொரு கடுதாசிலயும் தேதி போடுறீங்க, பிறை போடுறீங்க, கிழமை போடுறீங்க. வர்ற தேதிய மட்டும் காணோம். நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. கோவிச்சுக்கிட்டேன்னே வெச்சுக்கோங்க, அப்பயாவது வருவீங்களான்னு பாப்போம்."

அவ்வளவுதான் கடிதம். இது என்ன துஆ என்று பாக் ஹமித் கேட்டார். என் மலாய் சந்தை மலாய். "பினி சாயா பூன்யா. சூடா மாத்தி," என்றேன். என் மனைவியுடையது, இறந்துவிட்டாள் என்று அர்த்தம். இறந்தவள் வழக்கமாக ஓதிய துஆ என்று அவர் எடுத்துக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்து, இரு கைகளையும் ஏந்தி, முதலிலிருந்து இன்னும் நிதானமாக ஓதினார். தடுக்க என்னிடம் மலாய் இல்லை, மனமும் இல்லை. அவள் கோபித்துக்கொண்ட வரி முடிந்ததும் "ஆமீன்" என்றார். நானும் ஆமீன் சொன்னேன்.

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அவளை அடக்கிய கப்ரு எங்கே என்று கேட்டார். காயல்பட்டினம் என்றேன். அது எந்தப் பக்கம் என்றார். நான் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் பார்த்தேன்: கை ஊர்ப் பக்கம் போகவில்லை, அந்தச் சாக்கு இறங்கிய தண்ணீரைக் காட்டிக்கொண்டு நின்றது. பாக் ஹமித் அந்தத் தண்ணீரை நோக்கித் திரும்பி, இறந்தவர்களுக்காக ஓதும் ஃபாத்திஹாவை ஓதினார். நான் கையைத் திருப்பவில்லை.