சப்பாத்தை நம்பாத கால்கள்

மொன்றியலில் குளிர்காலம் எப்போது வரும் என்று வழி பார்த்திருப்பவர்கள் இரண்டு கூட்டத்தார்தான். ஒன்று, பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள். மற்றது, பனி அள்ளும் வண்டி வைத்துப் பிழைக்கிறவர்கள். அந்த வருஷம் இவர்களோடு அறுபத்தொரு வயதுப் புஷ்பராணியும் சேர்ந்துகொண்டாள். அவள் சறுக்கவும் மாட்டாள், அள்ளவும் மாட்டாள். ஒரு சோடிச் சப்பாத்து வாங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

சப்பாத்துக்காக ஒருத்தி பனிக்குக் காத்திருப்பாளா என்று சிரிப்பவர்கள், அவளுடைய காலில் ஒரு தை மாதம் நின்று பார்த்திருக்க வேண்டும். மொன்றியலை அடுத்த லவாலில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு கார்டெறியில் அவள் சமையல்காரி. நாற்பது பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரமும் மத்தியானச் சாப்பாடும் அவள் கையால்தான். அதற்காக விடியற்காலை ஐந்தேகாலுக்கு வில்லரேப் பகுதியிலுள்ள தன் மேல்மாடி வீட்டின் வளைந்த இரும்புப் படிகளைப் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டும். ஜாரி மெற்றோ நிலையம் வரைக்கும் நடந்து, ரயில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, அங்கே பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸால் இறங்கியும் பன்னிரண்டு நிமிஷம் நடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்த நடைபாதையில் ஒருவரும் பனி அள்ளியிருக்கமாட்டார்கள். முழங்கால் அளவு பனியில் முதல் அடி வைப்பது எப்போதும் இவளாகத்தான் இருக்கும்.

கனடாவுக்கு வந்தபிறகு இருபத்தேழு குளிர்காலங்களையும் அவள் கழித்தது மற்றவர்கள் போட்டுக் கழித்த சப்பாத்துகளில்தான். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டது, கோயிலில் ஒரு சினேகிதி தந்தது, தேவாலயத்தின் கீழறையில் இனாமாக எடுத்தது. மகளுக்கென்றால் புதிதாக வாங்குவாள். தனக்கென்று வரும்போது, இந்த வருஷம் இதோடு போகட்டும் என்பாள். இந்த வருஷம் இதோடு, இந்த வருஷம் இதோடு என்று ஒரு ஆயுள் போய்விட்டது.

முந்திய மாசியில்தான் இடக்காலின் இரண்டு விரல் நுனிகள் வெளிறி, பிறகு நீலம் பாரித்தன. மகள் வினோஜா புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரில் பறந்து வந்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். விரல் தப்பியது. ஆனால் டொக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வலிக்கிற வரைக்கும் பயமில்லை, வலி நின்றுபோனால்தான் பயம், இன்னொரு தடவை உறைந்தால் விரலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். திரும்பி வரும்போது வினோஜா காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள்.

"காணும் அம்மா. வேலையை விட்டிட்டு எங்களோட வந்திருங்கோ."

அழுகிற மகளிடம் என்ன சொல்வது? இன்னும் ஒரேயொரு குளிர்காலம் பார்க்கிறேன், கால் தாங்காவிட்டால் மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்று புஷ்பராணி வாக்குக் கொடுத்தாள்.

மகள் வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருமகன் வசீகரன் தங்கமான பிள்ளை. மாமிக்கென்று கீழறையைத் தன் கையாலேயே திருத்தி, தனிக் குளியலறையும் போட்டு வைத்திருக்கிறான். ஆனால் அங்கே ஒரு கட்டுக் கீரை வாங்குவதானாலும் யாராவது காரை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் திங்கட்கிழமையே புஷ்பராணிக்கு மூச்சு முட்டும். வில்லரேயில் அவளுடைய வீட்டுக் கதவுத் திறப்பு அவளுடைய கைப்பையில் கிடந்தது. கடைக்குப் போக வேண்டுமென்றால் போனாள். கார்டெறியில் பிள்ளைகள் வாயில் பெயர் நுழையாமல் "பூஸ்பா, பூஸ்பா" என்று கோப்பையை நீட்டினார்கள். கணவர் தியாகலிங்கம் செத்து ஐந்து வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவளை விடிய எழுப்புவது அந்த நாற்பது கோப்பைகள்தான். களைப்பு இல்லையென்று அவள் சொல்லமாட்டாள். எலும்பெல்லாம் களைப்புத்தான். ஆனால் களைத்துப்போய் வந்து விழுகிற கட்டில் அவளுடையதாக இருந்தது.

எனவே செப்டம்பர் கடைசியில், செயின்ற்-ஹூபேர் வீதியில் ஒரு சப்பாத்துக் கடைக்குள் அவள் முதல்முறையாகத் தனக்காக நுழைந்தாள். விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனாள். உள்ளே தடித்த கம்பளி, அடியில் வழுக்காத பல், தண்ணீர் ஒரு சொட்டும் புகாத தோல். விற்கும் பெண் குனிந்திருந்து காலில் போட்டுவிட்டாள். இதற்குள் கம்பளிக் காலுறை ஒன்று மட்டும் போடுங்கள், அதற்குமேல் எதுவும் வேண்டாம், கால் மூச்சு விட வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னாள். புஷ்பராணிக்கு எல்லாம் விளங்கியது. தலையாட்டினாள். இருபது வயதுப் பிள்ளைக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்தாள்.

அதன்பிறகு பனி வரவேண்டுமே, வரவில்லை. ஐப்பசி முழுக்க வெயில். கார்த்திகையில் மழை. புஷ்பராணி சப்பாத்துப் பெட்டியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, காலையும் மாலையும் தொலைபேசியில் வானிலை பார்த்தாள். கீழ் வீட்டில் இருக்கும் மன்னார்க்காரி திரேசம்மா படியடியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உமக்கென்ன விசரே புஷ்பம்? ஆரும் ஸ்னோவுக்கு வழி பார்ப்பினமே?"

"வரட்டுமக்கா. இந்தமுறை எனக்குப் பயமில்லை."

சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. புதுச்சட்டைக்குத் தீபாவளியை எண்ணுகிற பிள்ளையின் நிலையில்தான் அவள் இருந்தாள்.

மார்கழி முதல் வாரம் கொட்டத் தொடங்கியது. விடியற்காலை யன்னலைத் திறந்து வெள்ளையைக் கண்டதும் புஷ்பராணிக்கு நெஞ்சு நிறைந்தது. பெட்டியைத் திறந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, வழக்கமான ஒழுங்கில் காலை ஆயத்தப்படுத்தினாள். முதலில் ஒரு காலுறை. அதற்குமேல் பால் பை. அதற்குமேல் தடித்த கம்பளிக் காலுறை.

பால் பை என்றால் பால் வரும் பிளாஸ்டிக் பைதான். மொன்றியல் கடைகளில் பெரிய பையொன்றுக்குள் மூன்று சின்னப் பைகளாகப் பால் விற்பார்கள். பால் முடிந்ததும் புஷ்பராணி வாயை நேராக வெட்டி, கழுவி, குசினி யன்னலில் கவிழ்த்துக் காயவிடுவாள். இந்த வித்தையைத் தொடங்கி வைத்தவர் தியாகலிங்கம். அவள் வந்திறங்கிய முதல் குளிர்காலம் அது. இனாமாக எடுத்த சப்பாத்தில் பெருவிரல் பக்கம் வெடிப்பு. கோப்பை கழுவும் வேலை முடிந்து வந்த மனிதர், தரையில் உட்கார்ந்து அவளுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, இரண்டு பால் பைகளை மாட்டிவிட்டார்.

"உந்தச் சப்பாத்தை நம்பாதையும். இதைப் போட்டுக்கொண்டு போம், தண்ணி உள்ளுக்கு வராது."

தண்ணீர் உள்ளுக்கு வரவில்லை. அன்றிலிருந்து இருபத்தேழு குளிர்காலமும் புஷ்பராணி எந்தச் சப்பாத்தையும் நம்பியதில்லை. வெடிப்போ ஓட்டையோ இருக்கிறதா என்று பார்ப்பதுகூட இல்லை. குளிர்காலம் என்றால் பால் பை.

புதுச் சப்பாத்து கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. புதிசுதானே என்று இழுத்துப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். மெற்றோ வரைக்கும் சுகமாக இருந்தது. ரயிலுக்குள் கால் வேர்த்தது. லவாலில் பஸ்ஸுக்கு நின்ற பத்து நிமிஷத்தில் அந்த வேர்வை குளிர்ந்து, பழைய ஊசிகள் ஒவ்வொன்றாக விரல்களில் ஏறத் தொடங்கின. கார்டெறிக்கு வந்து சேர்ந்தபோது கால் எப்போதும் போலவே விறைத்திருந்தது. இவ்வளவு நல்ல சப்பாத்துக்குள்ளும் இந்தக் கால் குளிருமென்றால், பிழை இனிக் காலில்தான். வயது போய்விட்டது, இரத்தம் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு குளிரைவிட மோசமாக இருந்தது.

இரண்டு கிழமை பொறுத்தாள். நாளுக்கு நாள் குளிர் கூடியது. பால் பைக்கு மேல் இன்னொரு காலுறை போட்டுப் பார்த்தாள். இன்னும் விறைத்தது. இடக்கால் விரல்கள் திரும்பவும் வெளிறத் தொடங்கிய அன்று, வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடியே மகளை அழைத்தாள். சண்டை பிடிக்கச் சக்தி இருக்கவில்லை.

"பிள்ளை, சொன்னபடி நான் வாறன்."

வினோஜா மறுமுனையில் சந்தோஷப்படக்கூடப் பயந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசீகரன் சாமான் ஏற்ற வான் பிடித்துக்கொண்டு வருவான் என்றாள். வேலையை விடுவதற்கான கடிதத்தை அவளே பிரெஞ்சில் எழுதி, கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டும் போனாள். வெள்ளிக்கிழமை கொடுப்பதாகப் புஷ்பராணி கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். விஷயம் கேள்விப்பட்ட திரேசம்மா மீன் குழம்பு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை விடிய இருபத்தாறு பாகை உறைநிலைக்குக் கீழே. எழும்பவே பிந்திவிட்டது. வலக்காலுக்கு எல்லாம் மாட்டி முடித்து, இடக்காலுக்குப் பால் பைக்கு மேல் கம்பளி உறையை இழுக்கும்போது பை குதிக்காலில் கிழிந்து சுருண்டது. யன்னலில் வேறு பை இல்லை. வீடு மாறப்போகிறவள் புதிதாகக் காயவிட்டிருக்கவில்லை. ரயிலும் போய்விடும். எரிச்சலில் இடக்காலில் இருந்த எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு, கம்பளி உறை ஒன்றை மட்டும் போட்டுச் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது வலக்கால் தன் வேலையைத் தொடங்கியது. ஊசி ஏறியது, விறைத்தது. இடக்கால் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் அவள் கவனிக்கவில்லை. பஸ்ஸால் இறங்கிப் பனிக்குள் நடக்கும்போதுதான் உறைத்தது. இடக்காலில் வலியே இல்லை. போன குளிர்காலம் கெட்ட கால் அது. பையும் இல்லாமல் வந்த கால். வலி நின்றுபோனால்தான் பயம் என்று டொக்டர் சொன்னது அந்தக் காலைப் பற்றித்தான். ஞாயிறு வரைக்கும் மூன்று நாள் பொறுக்க முடியாமல் இந்தக் கால் போய்விட்டதே என்று நினைத்தாள். பன்னிரண்டு நிமிஷ நடையை எப்படி நடந்தாளென்று அவளுக்குத் தெரியாது.

கார்டெறிக் குசினிக்குள் நுழைந்ததும் விளக்கைப் போட்டு, முக்காலியில் விழுந்து, இடக்கால் சப்பாத்தை இழுத்துக் கழற்றினாள். பார்க்கப் பயந்து முதலில் கையை வைத்தாள். கால் சூடாக இருந்தது. உறையை உருவினாள். ஐந்து விரலும் சிவந்து, உலர்ந்து, அடுப்படியில் இருந்து எழும்பி வந்த கால் மாதிரி இருந்தது. விரல்களை ஆட்டினாள். ஆடின. வலி இல்லாததற்குக் காரணம், வலிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு வலக்காலைக் கழற்றினாள். உறை, பை, உறை. பைக்குள்ளிருந்து வேர்வைத் தண்ணீர் நிலத்தில் சொட்டியது. கால் வெளிறிச் சுருங்கி, ஐஸ் கட்டியாகக் கிடந்தது. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு புஷ்பராணி பார்த்தாள். விற்ற பிள்ளை அவ்வளவு தெளிவாகச் சொன்னதும் நினைவு வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. தன்மேல் வந்த கோபத்தில் முக்காலியில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். ஓட்டைச் சப்பாத்துக்குத் தியாகலிங்கம் சொன்னது சரிதான். ஓட்டையில்லாத சப்பாத்து ஒன்று அவளுக்கு ஒருநாள் வரும் என்று அவரும் நினைத்திருக்கமாட்டார், அவளும் நினைத்திருக்கவில்லை. வந்தபிறகும் அவளுக்கு நம்பத் தெரியவில்லை. இதற்காக வீட்டையும் விட்டு, வேலையையும் விட்டு, கீழறைக்குப் போகவிருந்தாளே.

பிள்ளைகள் வருவதற்குள் அடுப்பை மூட்ட வேண்டும். முகத்தைக் கழுவி, கஞ்சிக்கு ஓட்ஸ் போட்டாள். உருளைக்கிழங்கு சீவி முடிந்ததும், கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்துத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள். வலக்கால் பால் பையையும் போடத்தான் எடுத்தாள். கை கேட்கவில்லை. கழுவி, குழாயடியில் கவிழ்த்து வைத்தாள். கறிவேப்பிலை போட்டு வைக்க உதவும்.

பிள்ளைகள் மத்தியானம் நித்திரை கொண்டபிறகு மகளை அழைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை வான் வேண்டாமெண்டு வசீகரனிட்டைச் சொல்லு. காரிலை வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"என்னம்மா, திரும்பவும் துவங்கிட்டியளே? கால் என்ன மாதிரி?"

"சூடாக் கிடக்கு பிள்ளை."

அம்மா பொய் சொல்லுகிற மாதிரி இல்லை. எந்தக் கால் என்று மட்டும் வினோஜா கேட்டாள்.

"நாளையிலையிருந்து ரெண்டும்," என்றாள் புஷ்பராணி. பால் பைக் கதையை அவள் சொல்லவில்லை. அந்த மானக்கேட்டை மகளிடம் சொல்ல ஞாயிறு வரைக்கும் நேரமிருந்தது.

வேலை முடிந்து போகும்போது வலக்காலிலும் ஒற்றை உறை. வெளியே திரும்பவும் கொட்டத் தொடங்கியிருந்தது, பஸ்ஸைக் காணவில்லை. நிழற்குடைக்குள் நின்றவர்கள் எல்லோரும் காலை மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருந்தார்கள். புஷ்பராணிக்கு இடுப்பு வலித்தது, முழங்கால் வலித்தது, நாற்பது கோப்பை கழுவிய தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. கால்கள் மட்டும் பேசாமல் நின்றன. பஸ் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்தாலும் அவளுக்குக் காரியமில்லை.