ஒரு பேப்பர் பாக்கி

மங்குஸ்தான் பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கும் சின்னப் பூவின் இதழ்களை நகத்தால் தொட்டு எண்ணிவிட்டு, "உள்ள ஆறு சொளை. இல்லேன்னா துட்டு தர வேண்டாம்" என்பாள் ஸ்ரீதேவி. பழம் வாங்க வந்தவர் நம்பாமல் அங்கேயே உடைத்துப் பார்ப்பார். ஆறுதான் இருக்கும். அடுத்த பழத்துக்கு ஐந்து என்பாள், அதிலும் ஐந்துதான் இருக்கும். பூவில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்பது பழக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதைப் பரீட்சை ரிசல்ட் வாசிக்கிற தோரணையில் சொல்கிறவள் ஐந்தருவி ரோட்டில் இவள் ஒருத்திதான்.

இந்தத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் பழத்தோடு நிற்கவில்லை. கையில் எதைக் கொடுத்தாலும் அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் மேல்பக்கம் பார்ப்பாள். பஸ் டிக்கெட், டாக்டர் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே அப்படித்தான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிற அவள் புருஷன் முத்துராஜ், பெண் பார்க்கப் போன அன்று தன் போட்டோவையும் திருப்பித்தான் பார்த்தாள் என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் மறுக்க மாட்டாள்.

வயது நாற்பத்து மூன்று. சாரல் விழுகிற மூன்று மாதம் தார்ப்பாய்க்குக் கீழே பழக்கடை. மிச்ச மாதங்களில் வீட்டில் தையல் மிஷின். இதெல்லாம் பார்த்தாலே தெரியும். பார்த்தால் தெரியாத ஒன்று அவள் நிரப்பிய பாரங்களில் இருக்கிறது. ரேஷன் கார்டாகட்டும், கேஸ் இணைப்பாகட்டும், ஆஸ்பத்திரிச் சீட்டாகட்டும், கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருந்தால் போதும், 'பி.காம்., ஒரு பேப்பர் பாக்கி' என்று எழுதிவிடுவாள். கட்டம் அத்தனை சொற்களுக்கு இடம் தராது. அதனாலென்ன, ஓரத்தில் சாய்த்து எழுதுவாள். பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதினால் வேலை முடிந்தது என்று பேங்குக்காரர் ஒருதரம் சொன்னதற்கு, மூன்று வருஷம் காலேஜுக்குப் போனது யார், உங்க அக்காவா என்று கேட்டுவிட்டு வந்தவள்.

பாக்கி நின்ற அந்தப் பேப்பர் வணிகப் புள்ளியியல். முதல் தடவை இருபத்தெட்டு மார்க். அடுத்த தடவை முப்பத்தொன்று. கல்யாணமாகி மகள் அபி வயிற்றில் இருக்கும்போது எழுதியதில் பத்தொன்பது. பிறகு முப்பத்தேழு. கடைசியாக முப்பத்தொன்பது. பாஸ் மார்க் நாற்பது! விடுவாளா? பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்டாள். அது முப்பத்தெட்டாகி வந்து சேர்ந்தது. அத்தோடு எழுதுகிற காலக்கெடுவும் முடிந்துவிட்டது என்று பல்கலைக்கழகம் கதவைச் சாத்திக்கொண்டது.

போன வருஷக் கடைசியில், பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற துல்கர்னைன்தான் அதை வெட்டி வைத்திருந்து கொடுத்தான். வெட்டிய துண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்ரீதேவி பணம் கட்டினாள். எந்தப் பாடத்திட்டத்தில் எழுதுவது என்பதில் ஆரம்பித்தது குழப்பம். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால் ஒருவர் பழைய பாடம் என்றார். மறுநாள் எடுத்தவர் புதுப் பாடம் என்றார். எதற்கு வம்பு என்று இரண்டையுமே படித்தாள்.

படித்தாள் என்று சொல்வதைவிட, அபி படிக்க வைத்தாள் என்று சொல்வதுதான் நியாயம். அபிக்கு அப்போது பிளஸ் டூ. தன் பரீட்சைக்கு நடுவிலும் தினமும் ஒரு மணி நேரம் அம்மாவுக்கு ஒதுக்கினாள். திட்ட விலக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே ஸ்ரீதேவிக்குக் கொட்டாவி வரும். அபி புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "எம்மா, நூறு பழம் உள்ள பொட்டி வந்தா எத்தன பழத்த ஒடச்சுப் பாத்து வெல சொல்லுவ?"

"அஞ்சு."

"ஏன் நூறையும் ஒடைக்கல?"

"கிறுக்கியா ஒனக்கு? ஒடச்சா பெறவு எத விக்க?"

"அத எழுதிட்டு வா. அதான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்."

இருபது வருஷமாக வாத்தியார்கள் சொல்லி ஏறாதது அன்றைக்குக் கொஞ்சம் ஏறியது. மே மாதம் பரீட்சை எழுதப் போனாள். ஹாலில் இருந்த சின்ன வயசு மேடம், பெற்றோர் எல்லாம் வெளியே நிற்க வேண்டும் என்று இவளைப் பார்த்துச் சொன்னார். ஹால் டிக்கெட்டை நீட்டியதும் அந்த மேடம்தான் வெட்கப்பட்டார். ஸ்ரீதேவி அசரவில்லை. மூன்று மணி நேரமும் இருந்து எழுதிவிட்டுத்தான் எழுந்தாள்.

இதற்குள் அபிக்கு நல்ல மார்க் வந்தது. கவுன்சலிங்கில் திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜிலேயே இடமும் கிடைத்தது. சந்தோஷத்தில் ஸ்ரீதேவி அன்று ஒரு பெட்டி ரம்புட்டானை அக்கம்பக்கத்துக் கடைகளுக்குச் சும்மாவே கொடுத்தாள். மறுநாள் முத்துராஜ் கட்டணத் தாளை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் ஒரு சலுகை உண்டாம். அபி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதற்கு அது கிடையாதாம். பெயரில் இரண்டே இரண்டு சொல்தானே கூடுதல், அதற்கு இவ்வளவு தண்டனையா என்று அவன் யாரைக் கேட்பான்? மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, முதல் பட்டதாரிச் சலுகை. வீட்டில் பெற்றவர்களோ கூடப் பிறந்தவர்களோ யாரும் பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால், முதன்முதலாகப் படிக்கப் போகிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தில் பெரும்பகுதி குறையும். அது கிடைத்தால் ஹாஸ்டல் செலவைச் சமாளித்துவிடலாம். கிடைக்காவிட்டால் இங்கனயே ஏதாவது பி.எஸ்ஸி.யில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று முத்துராஜ் சொல்லிவிட்டான். அவனை வில்லனாக நினைக்க வேண்டாம், டெம்போவுக்கே இன்னும் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

சான்றிதழுக்கு மனுப் போட்டார்கள். நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டது. காரணம்: தாய் பட்டதாரி.

ஸ்ரீதேவி அந்தத் தாளை நாலு தரம் திருப்பிப் பார்த்தாள். நடந்தது இதுதான். அபியைப் பள்ளியில் சேர்க்கும்போது தாயின் படிப்பு என்ற கட்டத்தில் வழக்கம்போல 'பி.காம்., ஒரு பேப்பர் பாக்கி' என்று எழுதியிருந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர், பி.காம். வரைக்கும் அடித்துவிட்டுப் பாக்கியை விட்டுவிட்டார். ஊரில் எந்தத் தாயும் பண்ணாத காரியம். தன் கையெழுத்தாலேயே தன் மகளுக்கு ஆப்பு வைத்திருந்தாள்.

"நான் பெயிலுன்னு நானே நிரூபிக்கணுமாம்லா" என்று துல்கர்னைனிடம் போய் நின்றாள். தோற்றுப்போனவள் என்று ஒரு சான்றிதழ் எந்த ஆபீஸில் தருகிறார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை. பழைய மார்க் ஷீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வைப் பாருங்கள் என்றான். அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது, மே மாதம் எழுதிய பரீட்சையின் ரிசல்ட் இன்றோ நாளையோ என்று இருக்கிறது.

"யக்கா, நீங்க பெயிலுன்னா பாப்பாவுக்குச் சலுகை உண்டு. பாஸுன்னா கெடையாது."

பாஸாகிப் பட்டத்தை வாங்காமலே விட்டுவிட்டால் என்று கேட்டாள். பாஸானால் பட்டதாரியா, பட்டத்தைக் கையில் வாங்கினால் பட்டதாரியா என்று அவன் தாலுகா ஆபீஸில் விசாரித்தான். அவர்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்கச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் போனை எடுத்தவர் தாலுகா ஆபீஸைக் கேட்கச் சொன்னார். மூளை கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது ஸ்ரீதேவிக்கு. அந்த வாரம் கடையில் ஆறு சுளை என்று சொன்ன பழத்தில் ஏழு இருந்தது. வாங்கினவர் சும்மா இருக்காமல் அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார்.

குற்றாலநாதர் சன்னதியில் போய் நின்றால் அங்கேயும் சிக்கல். பாஸ் பண்ணி விடு என்று கேட்பதா, பெயிலாக்கி விடு என்று கேட்பதா? இருபது வருஷம் ஒரே வேண்டுதலை வைத்துக்கொண்டிருந்தவள், இப்போது அதைத் திரும்பக் கேட்டு வாங்குவது எப்படி என்று தெரியாமல் விழித்தாள். எது நல்லதோ நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் காலேஜில் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை காலையில் ரிசல்ட் வந்துவிட்டது என்று துல்கர்னைன் போன் பண்ணினான். நம்பரைச் சொன்னால் அப்போதே பார்த்துச் சொல்கிறேன் என்றான். ஸ்ரீதேவி பதறிப்போய், வெள்ளிக்கிழமை கழிகிற வரை என்னிடம் யாரும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிப் போனை வைத்தாள். தெரியாமல் இருந்தால் அது பொய் இல்லை என்பது அவள் கணக்கு. பீரோவுக்கு அடியிலிருந்து அந்த ஐந்து மார்க் ஷீட்டுகளையும் எடுத்தாள். இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தவை. தூசி தட்டி, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, அபியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அபி செல்போனில் எதையோ வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னல் வழியே வரும் சாரலில் முகத்தைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீதேவி கவனித்தாள். கேட்கவில்லை.

வி.ஏ.ஓ. மந்திரமூர்த்தி நல்ல மனுஷன். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பட்டம் முடிக்கவில்லை என்று ஒரு உறுதிமொழி எழுதி, மார்க் ஷீட் நகல்களை வைத்துக் கொடுத்தால், விசாரித்தேன் என்று மேலே அனுப்பிவிடுகிறேன் என்றார். ஸ்ரீதேவி எழுதினாள். கல்வித் தகுதி என்ற இடம் வந்ததும் கை தானாகவே ஓடியது. பி.காம்., ஒரு பேப்பர் பாக்கி. இருபது வருஷத்தில் இந்த மூன்று சொற்களும் முதல்முறையாக ஒரு பிரயோஜனத்துக்கு வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து மார்க் ஷீட்டுகளையும் வரிசையாக மேஜையில் பரப்பினாள். கூச்சமாகத்தான் இருந்தது.

அபி அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். 'ஒரு பேப்பர் பாக்கி' என்ற சொற்களின் மேல் ஒரே கோடாக இழுத்து அடித்தாள்.

"இன்னைக்குக் காலைல ரிசல்ட் வந்திருக்கு சார்" என்றாள், அம்மாவைப் பார்க்காமல். "அம்மா அம்பத்திரெண்டு மார்க்கு."

மந்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத அடிச்சா சலுகை கெடையாதும்மா. தெரியும்லா?"

"தெரியும் சார்."

"ஏட்டி" என்றாள் ஸ்ரீதேவி.

"நாந்தானம்மா சொல்லிக் குடுத்தேன். நீ பாஸ் ஆவலன்னு எப்பிடி எழுத?"

வி.ஏ.ஓ. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, வேறொரு உதவித்தொகை இருக்கிறது, இந்த அளவுக்கு வராது, அதற்குப் பாரமும் வேறு என்றார். இன்னொரு பாரமா என்று அந்த நேரத்திலும் ஸ்ரீதேவிக்குத் தலை சுற்றியது. எது எப்படியானாலும் இந்தத் தாளில் அடித்தல் திருத்தல் இருப்பதால், அடித்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை அவள் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்றால் வேறு தாள் தருகிறேன், யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

ஐம்பத்திரண்டு. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமே வந்தது, இரண்டையும் அடக்கினாள். படிப்பு நாலு வருஷம், பழக்கடை வருஷத்துக்கு மூன்று மாதம். மிச்ச ஒன்பது மாதமும் தையல் மிஷினை மூடிவிட்டுப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போக வேண்டியிருக்கும். விடிகாலை டெம்போவில் முத்துராஜோடேயே போய்விடலாம். அவன் கத்துவான். கத்தட்டும். பி.எஸ்ஸி. என்ற பேச்சை மட்டும் வீட்டில் எடுக்க விடக்கூடாது.

தாளைத் திருப்பினாள். அபி அழுத்தி இழுத்த கோடு அடிப்பக்கத்திலும் தடித்துத் தெரிந்தது. அதைக் கட்டைவிரல் நகத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். பிறகு நேராகத் திருப்பி, அபியின் கையிலிருந்து பேனாவை வாங்கி, கோட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக ஸ்ரீதேவி என்று போட்டாள். ஓரத்தில் இன்னும் துளி இடம் இருந்தது. அதில் பி.காம். என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.